கம்பனி பூட்டிப் போனால் யாரிடம் கேட்பது?

(ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோருக்கான ஞாயிறு கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு விறகு, தண்ணி, துணிமணி, கோயில் என்று எல்லா வேலையும் ஒன்றாக வந்து சேரும் நாள். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி ஒரு கேள்வி கேட்டாங்க. "எங்க மக மூணு வருஷமா கார்மென்ட்ஸ்ல தைக்கிறா. தோட்டத்துல ஒரு பிரச்சினைன்னா தலைவர்கிட்ட சொல்லலாம், ஆபீசுக்குப் போகலாம், துரையைப் பார்க்கலாம். அங்க கம்பனிக்காரன் ஒரு நாள் பூட்டிட்டுப் போயிட்டா நாங்க யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டோம். உண்மையில் நேரம் அல்ல காரணம். பதில் கையில் இல்லை, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

லயமும் லைனும்

கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. பிறகு பியகமவிலும் கொக்கலையிலும் வலயங்கள் வந்தன. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் என்று ஒன்று வந்தபோது ஊர்ப்பக்கங்களிலும் தொழிற்சாலைகள் முளைத்தன. நம் தோட்டப் பிள்ளைகளும் கூடையை வைத்துவிட்டு மெஷினுக்கு முன்னால் உட்காரத் தொடங்கினார்கள்.

'லயம்' என்ற சொல்லே 'லைன்' என்ற இங்கிலீசுச் சொல்லிலிருந்து வந்ததுதான். தொழிற்சாலையிலும் பிள்ளைகள் உட்காரும் வரிசைக்கு லைன் என்றுதான் பெயர். லயத்தில் பிறந்த பிள்ளை லைனுக்குப் போயிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் பறிக்கிற கொழுந்து எங்கே போகிறது? தராசுக்குப் போகிறது, பெக்டரிக்குப் போகிறது, கொழும்பில் ஏலத்துக்குப் போகிறது, ஏற்றுமதிக் கம்பனிக்குப் போகிறது, கடைசியில் வெளிநாட்டுக் கடையில் ஒரு பெட்டியில் உட்காருகிறது. பெட்டியின் மேல் ஒரு கம்பனியின் பெயர் இருக்கும். பறித்த கையின் பெயர் இருக்காது. இது உங்களுக்குத் தெரிந்த கதை.

விளையாட்டு உடுப்பும் அப்படித்தான். நைக்கி, அடிடாஸ், பூமா என்று பெயர் கேட்டிருப்பீர்கள். தம்பிமார் போட்டிருக்கிற டீசேர்ட்டிலும் அந்தப் பெயர் இருக்கும். இந்தக் கம்பனிகள் பெரும்பாலும் தாங்களே தைப்பதில்லை. படம் வரைவது, விளம்பரம் செய்வது, விற்பது இவர்கள் வேலை. தைப்பது வேறு முதலாளியின் தொழிற்சாலை. அது இந்தோனேசியாவில் இருக்கலாம், வியட்நாமில், கம்போடியாவில், பங்களாதேசத்தில், ஹொண்டுராசில் இருக்கலாம், நம் நாட்டிலும் இருக்கலாம். ஓடர் கொடுப்பவர் விலையைச் சொல்கிறார், கப்பல் ஏற வேண்டிய திகதியைச் சொல்கிறார். சம்பளம் கொடுப்பது தொழிற்சாலைக்காரர். மேலே விலையை அமுக்கினால் கீழே டார்கெட் ஏறும். சூப்பர்வைசர் சத்தம் போடுவது மட்டும்தான் பிள்ளைக்குக் கேட்கும். அந்தச் சத்தம் எங்கேயிருந்து புறப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

இன்னொரு வித்தியாசம். தேயிலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு நாட்டில் நட முடியாது. துரை மாறலாம், கம்பனி மாறலாம், மலை இங்கேயேதான் இருக்கும். தையல் மெஷினை ஒரே இரவில் லொறியில் ஏற்றிவிடலாம். அந்த அம்மா பயந்தது வீண் பயம் இல்லை. அப்படி நடந்தும் இருக்கிறது.

தங்கெராங்கில் நடந்தது

இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் தங்கெராங் என்று ஒரு தொழிற்சாலை நகரம். அங்கே பி.டி. கிசோன் என்ற தொழிற்சாலையில் சுமார் 2,700 பேர் வேலை செய்தார்கள். அடிடாஸ், நைக்கி போன்ற கம்பனிகளுக்கு விளையாட்டு உடுப்புத் தைத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரும் சின்னமும் போட்ட உடுப்புகளும் அதில் இருந்தன.

2011 ஜனவரியில் அந்தத் தொழிற்சாலையின் கொரிய நாட்டு முதலாளி நாட்டை விட்டே ஓடிவிட்டார். ஏப்ரல் மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி, வேலை போனால் செய்த வருஷங்களுக்கு ஏற்ப பணம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எல்லோருக்கும் சேர்த்து ஏறக்குறைய 34 இலட்சம் டொலர். கொடுக்க வேண்டியவர் ஊரில் இல்லை. மிஞ்சிய மெஷினையும் சாமானையும் விற்றாலும் அவ்வளவு வராது.

அங்கேயும் எல்லோரும் அந்த அம்மா கேட்டதைத்தான் கேட்டார்கள். யாரிடம் போவது?

அவர்கள் செய்த காரியத்தைக் கவனியுங்கள். ஓடிப்போனவரைத் தேடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. நாங்கள் தைத்த உடுப்பில் யாருடைய பெயர் இருந்தது என்று பார்த்தார்கள். அந்தப் பெயர்க்காரர்களிடம் கேட்டார்கள். நைக்கியும், நடுவில் நின்று ஓடர் எடுத்துக் கொடுத்த ஏஜன்ட் கம்பனியும் ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்தன. இன்னும் ஏறக்குறைய 18 இலட்சம் டொலர் மிச்சம் இருந்தது.

அடிடாஸ் மறுத்தது. 2010லேயே அங்கே ஓடர் கொடுப்பதை நிறுத்திவிட்டோம், முதலாளி ஓடியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. பணத்துக்குப் பதிலாக உணவுக் கூப்பன் தருவதாகச் சொன்னது. தொழிலாளர்கள் கேட்டது உதவி அல்ல. பல வருஷம் தைத்துச் சம்பாதித்த பணத்தைக் கேட்டார்கள். அரிசி மூட்டைக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கேதான் அந்தப் பல்கலைக்கழகச் சின்னம் கைகொடுத்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை உடுப்பில் போட்டு விற்க, கம்பனி அந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். 1990களின் கடைசியில் அங்கே படித்த மாணவர்கள், எங்கள் பள்ளியின் பெயர் போட்ட உடுப்பைத் தைப்பவருக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று போராடினார்கள். அதனால் பல ஒப்பந்தங்களில் தொழிலாளர் உரிமை பற்றிய நிபந்தனைகள் எழுதப்பட்டன. 2000ஆம் ஆண்டில் தொழிற்சாலைகளைப் போய்ப் பார்த்து விசாரிக்க, தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு என்ற ஓர் அமைப்பும் உண்டானது. கிசோன் விஷயத்தை விசாரித்து, பணம் பாக்கி என்று கணக்கோடு காட்டியது அந்த அமைப்புத்தான்.

பிறகு பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாக அடிடாசோடு இருந்த ஒப்பந்தத்தை நிறுத்தத் தொடங்கின. கோர்னெல் பல்கலைக்கழகம் முதலில் நிறுத்தியது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் விஷயத்தை நீதிமன்றத்துக்கே கொண்டு போனது. 2012இல் லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது அதன் அதிகாரபூர்வ விளையாட்டு உடுப்புக் கம்பனி அடிடாஸ்தான். அந்த நேரத்தில் லண்டனிலும் இந்தப் பேச்சு எழுந்தது. கடைசியாக 2013 ஏப்ரலில் தொழிலாளர் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்து பணம் கொடுக்க அடிடாஸ் ஒத்துக்கொண்டது.

தொழிற்சாலை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வருஷம் என்பது சின்னக் காலம் அல்ல. பிள்ளையின் படிப்பு, கடைக்கடன், வாடகை எதுவும் அதுவரை காத்திருக்காது. ஆனாலும் கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள், வாங்கினார்கள்.

கழித்த மணித்தியாலம்

இன்னொரு விஷயமும் அதே நாட்டில்தான். செராங் என்ற இடத்தில் நைக்கிக்குச் சப்பாத்துச் செய்யும் நிக்கோமாஸ் என்ற பெரிய தொழிற்சாலை. அங்கே மேலதிக நேரம் வேலை வாங்கிவிட்டு அதற்குக் காசு போடாமல் விட்டார்கள். இங்கே தராசடியில் கூடைக்கென்று, தண்ணிக்கென்று கிலோவைக் கழிப்பார்கள் அல்லவா? ஒரு நாளில் பார்த்தால் சின்ன விஷயம், வருஷத்தில் பார்த்தால் ஒரு மாதச் சம்பளம். அதே மாதிரித்தான்.

அங்கே இருந்த சங்கம் கணக்கை எடுத்துக்கொண்டு பல மாதம் பேசியது. இரண்டு வருஷத்துக்குரிய கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 6 இலட்சம் மணித்தியாலம் வந்தது. 2012 ஜனவரியில் சுமார் 4,500 தொழிலாளர்களுக்கு 10 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பாடு ஏற்பட்டது. சராசரியாக ஒருவருக்கு 220 டொலருக்கு மேல். இது யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. எழுதி வைத்த கணக்கு வாங்கிக் கொடுத்தது.

மூடிய கதவு திறந்தது

மூன்றாவது, நமக்கு வெகுதூரத்தில் உள்ள ஹொண்டுராஸ் நாட்டில். ரசல் அத்லெட்டிக் என்ற விளையாட்டு உடுப்புக் கம்பனிக்குச் சொந்தமான ஜெர்சீஸ் டி ஹொண்டுராஸ் என்ற தொழிற்சாலை. அங்கே தொழிலாளர்கள் 2007இல் சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் தொழிற்சாலை மூடப்பட்டது. 1,200 பேருக்கு வேலை இல்லை. வியாபாரம் குறைந்துவிட்டது என்றது கம்பனி. விசாரித்துப் பார்த்தவர்கள், சங்கத்தின் மேல் இருந்த கோபமும் ஒரு காரணம் என்று கண்டார்கள்.

இங்கேயும் மாணவர்கள் எழும்பினார்கள். அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் நூற்றுக்குக் கிட்டிய பல்கலைக்கழகங்கள் அந்தக் கம்பனியோடு இருந்த ஒப்பந்தத்தை விட்டன. அதே வருஷம் நவம்பரில் கம்பனி இறங்கி வந்தது. தொழிற்சாலையைத் திரும்பத் திறக்க, அந்த 1,200 பேருக்கும் வேலை கொடுக்க, 25 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்க, சங்கத்தை ஏற்றுக்கொள்ள உடன்பட்டது. திரும்பத் திறந்த தொழிற்சாலைக்கு 'புதிய நாள்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

இந்த மூன்று கதையையும் கேட்டுவிட்டு, எல்லா இடத்திலும் இப்படித்தான் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சதமும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பெரிய கம்பனிகள் பல, தைத்து முடித்த ஓடரைக்கூட வேண்டாம் என்றன. அந்த வருஷம் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயத்துக்கே திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. வென்ற இடங்களில் என்ன இருந்தது என்று பார்ப்பதுதான் நமக்கு வேண்டியது.

மூன்று இடத்திலும் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, தொழிலாளர்கள் கூட்டாக நின்றார்கள், சங்கம் இருந்தது. இரண்டு, எவ்வளவு வேலை, எவ்வளவு பாக்கி என்று கணக்கு இருந்தது. மூன்று, யாருக்காகத் தைத்தோம் என்று தெரிந்திருந்தது. சங்கம், கணக்கு, பெயர். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நம் பிள்ளைக்கு என்ன இருக்கிறது

வலயத்துக்குள்ளே சட்டம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. நாட்டின் தொழிற்சட்டம் வலயத்துக்குள்ளும் செல்லும்.

ஊழியர் சேமலாப நிதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளையின் சம்பளத்தில் 100 ரூபாவுக்கு 8 ரூபா பிடிக்கிறார்கள், கம்பனி 12 ரூபா போட வேண்டும். அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி 3 ரூபா போட வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாக இருந்தால் போதாது, கணக்கில் போய்ச் சேர்ந்ததா என்று தொழில் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இந்தப் பணத்துக்காக நம் நாட்டிலும் இரத்தம் சிந்தியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி, ஓய்வூதியச் சட்டமூலம் ஒன்றால் தங்கள் சேமிப்புப் பாதிக்கப்படும் என்று கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் பூர்த்தி செய்தால் இது கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். நாலே முக்கால் வருஷத்தில் கோபத்தில் விட்டு வந்துவிட்டால் இது போய்விடும். பிள்ளை போனில் அழுதால் உடனே 'விட்டுட்டு வா' என்று சொல்லாதீர்கள். எத்தனை வருஷம், எத்தனை மாதம் ஆயிற்று என்று முதலில் கேளுங்கள். அடி, அவமானம், உடம்புக்கு ஆபத்து என்றால் அது வேறு. அப்போது பணத்தைப் பார்க்க வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள்.

வேலை நிறுத்தம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருஷத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுங்கீனம் தவிர்ந்த காரணத்துக்கு நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். சம்மதம் இருந்தால் அனுமதி தேவையில்லை. இதை நன்றாக மனதில் வையுங்கள். தொழிற்சாலையில் ஒரு கடிதத்தை நீட்டி, சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருக்கும், 'இதில் ஒரு கையெழுத்து வை' என்பார்கள். அது சம்மதக் கடிதமாக இருக்கலாம். வாசித்து விளங்காத கடிதத்தில் பிள்ளை கையெழுத்து வைக்கக்கூடாது. 'வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்' என்று சொல்லப் பழக்குங்கள்.

சங்கம். 7 பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளரில் 100க்கு 40 பேர் ஒரு சங்கத்தில் இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச மாட்டேன் என்று நிர்வாகம் சொல்ல முடியாது. வலயத்தில் ஊழியர் சபை என்றும் ஒன்று இருக்கும். அது நல்லதுக்குப் பயன்படலாம், ஆனால் அது சங்கம் அல்ல. நீங்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தாக் கட்டியவர்கள். பெரட்டுக் களத்தில் ஒன்றாக நின்று கேட்கத் தெரிந்தவர்கள். 'அங்க சங்கம் கிங்கம்னு போகாதே' என்று பிள்ளைக்குப் பயம் காட்டி அனுப்புவது நாம்தான். அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பெட்டிக்குள் ஒரு கொப்பி

கடைசியாக, செலவில்லாத நாலு காரியம் சொல்கிறோம்.

பிள்ளை போகும்போது பெட்டிக்குள் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள் என்று ஒவ்வொரு நாளும் எழுதட்டும். செராங்கில் பணம் வாங்கிக் கொடுத்தது இப்படிப்பட்ட கணக்குத்தான்.

நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி லயத்தில், உங்கள் கையில் இருக்கட்டும். போர்டிங்கில் இருக்கும் பெட்டி தொலையலாம், நனையலாம். தொழிற்சாலை மூடினால் உள்ளே வைத்தது உள்ளேயே போய்விடும்.

எந்தக் கம்பனிக்கு உடுப்புத் தைக்கிறார்கள் என்று பிள்ளை தெரிந்து வைத்திருக்கட்டும். லேபலைத் திருடிக்கொண்டு வரச் சொல்லவில்லை. லேபலில் இருக்கும் பெயரை வாசித்துக் கொப்பியில் எழுதினால் போதும். நைக்கி 2005ஆம் ஆண்டிலேயே தன் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. பிறகு வேறு கம்பனிகளும் வெளியிட்டன. ஆகவே பெயர் தெரிந்தால் கேட்க ஓர் இடம் உண்டு.

நாலாவது, இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அக்காவின் அடையாள அட்டையைக் கொடுத்துத் தங்கச்சியை வேலைக்கு அனுப்பாதீர்கள். 2021ஆம் ஆண்டிலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம். அது மட்டுமல்ல, தங்கச்சி உழைக்கிற சேமலாப நிதி அக்கா பெயரில் சேரும். அவளுக்கு விபத்து நடந்தால் காகிதத்தில் அவள் அங்கே இல்லவே இல்லை. தங்கெராங்கில் 2,700 பேரும் தங்கள் பெயரில் நின்று கேட்டதால்தான் பணம் அவர்களிடம் வந்தது.

இனி அந்த அம்மாவுக்குப் பதில். அம்மா, இன்றைக்கு நீங்கள் முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம். கம்பனி பூட்டிப் போனால் முதலில் பிள்ளையோடு தைத்த மற்றப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். தனியாக ஒருத்தி கேட்டால் அது அழுகை, ஐந்நூறு பேர் கேட்டால் அது கணக்கு. அடுத்தது தொழில் அலுவலகம். எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதி வாங்க வேண்டும். அதற்கடுத்தது சங்கம். அதற்கும் மேலே, உடுப்பில் பெயர் போட்டவர். அவர் கடல் கடந்து இருக்கிறார், ஆனால் அவருக்கும் கேட்கும். தங்கெராங் தொழிலாளர்கள் கேட்டார்கள், கேட்டது.

முறைப்பாடு எழுதத் தெரியாது, சிங்களத்தில் எழுத ஆள் இல்லை என்றால் எங்களிடம் வாருங்கள். கொப்பியோடு வாருங்கள். பிள்ளையிடமிருந்து அடுத்த போன் வரும்போது 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு, 'எத்தனை மணிக்கு விட்டாங்க, எழுதினியா' என்றும் கேளுங்கள்.